சாயங்கால இனிப்பு ஆசை, எடை, ஹார்மோன்: பிசிஓஎஸ் இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். வயது 27, எடை 78 கிலோ. மூன்று வருடத்துக்கு முன் ஸ்கேன் பார்த்து 'நீர்க்கட்டி', அதாவது பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம், சினைப்பையில் நிறைய நீர்க்கட்டிகள் என்று பெயர் வைத்த ஹார்மோன் கோளாறு) என்றார்கள். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. டாக்டர் "எடையைக் குறைச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். சர்க்கரையை அடியோடு விட்டீர்கள், ஒன்பது நாள் தாங்கியது, பத்தாம் நாள் சாயங்காலம் ஒரு பெட்டி பிஸ்கட்டை நின்றபடியே தின்று முடித்துவிட்டு உட்கார்ந்து அழுதிருக்கிறீர்கள். எடையை முதலில் பார்ப்பதா, ஹார்மோனையா, இந்த இனிப்பு ஆசையை எப்படி ஒழிப்பது, கடைசியாகக் கழுத்துக் கறுப்புக்கு என்ன க்ரீம் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஹார்மோன் மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து பதினோரு வருடமாக உணவு ஆலோசனை சொல்கிறேன், எனக்கே 19 வயதிலிருந்து பிசிஓஎஸ் உண்டு. நின்றபடி பிஸ்கட் தின்பது எனக்கும் பழக்கமான விஷயம்தான். தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிட்டால் அது சாப்பாட்டுக் கணக்கில் ஏறிவிடும், நின்று சாப்பிட்டால் ஏறாது என்று மனசு ஒரு கள்ளக்கணக்கு வைத்திருக்கும்.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாலைப் பிடித்து இழுத்திருக்கிறீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வரும் இனிப்பு வெறி ஐந்து மணிக்குப் பிறப்பதில்லை. காலை எட்டு மணிக்கே பிறந்துவிடுகிறது, பலருக்கு முந்தின ராத்திரி கெட்ட தூக்கத்திலேயே பிறந்துவிடுகிறது. அந்த ஒன்பது நாளும் என்ன சாப்பிட்டீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: காலையில் கறுப்புக் காபி, மதியம் ஒரு கிண்ணம் சாலட், இரவில் சூப். பத்தாம் நாள் உடம்பு கேட்டது ஒன்பது நாள் பாக்கியை. வட்டியோடு வசூலித்துக்கொண்டது, அவ்வளவுதான். இதில் மனவுறுதி தோற்றதாக நான் நினைக்கவில்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரிய, இந்த நோய் உடம்புக்குள் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். முதலில் அந்தப் பெயரே தப்பு. ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் இல்லை. ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் சில சிறு நுண்பைகள் வளரத் தொடங்கும், அதில் ஒன்று முதிர்ந்து முட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ்ஸில் அவை பாதி வளர்ச்சியிலேயே நின்றுபோகின்றன, அப்படி நின்றுபோனவைதான் ஸ்கேனில் சின்னச் சின்னக் குமிழிகளாகத் தெரிகின்றன. 1935இல் ஸ்டீன், லெவெந்தால் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதியபோது சினைப்பையின் தோற்றம்தான் அவர்கள் கண்ணில் பட்டது, அதை வைத்து ஒட்டிய பெயர் இன்னும் விடவில்லை. 2012இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழுவே இந்தப் பெயர் குழப்புகிறது, மாற்ற வேண்டும் என்று சொன்னது. 'கட்டியைக் கரைக்கும்' மருந்து என்று யாராவது விற்றால், கரைக்க அங்கே கட்டியே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஸ்கேன் மட்டும் பார்த்து பிசிஓஎஸ் என்று முடிவு கட்டவும் கூடாது. 2003இல் ரோட்டர்டாமில் வகுத்த அளவுகோல்தான் இன்றும் அடிப்படை: மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி (முகத்தில் முடி, பரு, அல்லது ரத்தப் பரிசோதனையில் தெரிவது), ஸ்கேனில் அந்தத் தோற்றம், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், அதோடு தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) போன்ற வேறு காரணங்கள் இல்லை என்றும் பார்த்திருக்க வேண்டும். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், வயது வந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனையையும் பயன்படுத்தலாம் என்கிறது. உங்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதும் இருக்கிறது, ஸ்கேனும் இருக்கிறது, அதனால் நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஆனால் தைராய்டு பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அதைப் பாருங்கள்.

இப்போது இன்சுலின். சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், கணையம் இன்சுலினை அனுப்பும், அது தசைச் செல்களின் கதவைத் தட்டி "சர்க்கரை வந்திருக்கு, எடுத்துக்கோ" என்று சொல்லும். பிசிஓஎஸ் உள்ள பெரும்பாலானோருக்கு, ஒல்லியாக இருப்பவர்கள் பலருக்கும்கூட, தசை இந்தத் தட்டலைச் சரியாகக் காதில் வாங்குவதில்லை. கணையம் என்ன செய்யும்? இன்னும் பலமாகத் தட்டும், அதாவது இன்சுலினை அள்ளி இறைக்கும். வேடிக்கை என்னவென்றால் தசை செவிடாக இருக்கும்போதும் சினைப்பைக்குக் காது நன்றாகவே கேட்கிறது. மிதமிஞ்சிய இன்சுலின் அங்கே போய் டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களை இன்னும் அதிகமாகச் சுரக்கவைக்கிறது. போதாததற்குக் கல்லீரலிலும் ஒரு வேலை பார்க்கிறது: டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உண்டாக்கும், இன்சுலின் ஏறினால் அந்தப் புரதம் குறையும், கட்டவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் சுதந்திரமாகத் திரியும். தாடையில் முடி, தலையில் உதிர்வு, முதுகில் பரு, நின்றுபோன நுண்பைகள், தள்ளிப்போகும் மாதவிலக்கு எல்லாவற்றிலும் இதன் கை இருக்கிறது.

அதனால் எடை முதலிலா ஹார்மோன் முதலிலா என்ற கேள்விக்கு என் பதில்: இரண்டையும் விடுங்கள், இன்சுலினைக் குறிவையுங்கள். எடை கூடினால் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது தசையின் அந்தச் செவிட்டுத்தனம், கூடும், இன்சுலின் கூடினால் கொழுப்பு சேர்வதும் பசியும் கூடும், ஒன்றின் வாலை இன்னொன்று கவ்விக்கொண்டு சுற்றுகிறது. சாப்பாடு, தசை, தூக்கம், தேவைப்பட்டால் மாத்திரை என்று இந்த வட்டத்தை உடைக்க நாலு இடம் உண்டு. எடைத் தராசு அந்த நாலில் எதுவும் இல்லை, அது வெறும் அறிவிப்புப் பலகை.

இனிப்பு ஆசைக்கு வருவோம், உங்களை அழவைத்தது அதுதானே. மாவும் சர்க்கரையுமாக எதையாவது சாப்பிட்டால் சர்க்கரை சடாரென்று ஏறும், ஏற்கெனவே அளவுக்கு மீறித் தட்டிப் பழகிய கணையம் இன்சுலினைக் கொட்டும், இரண்டு மூன்று மணி நேரத்தில் சர்க்கரை சரிந்து இறங்கும். அந்த இறக்கத்தில் மூளை பயந்துபோய், எது வேகமாகச் சர்க்கரை தருமோ அதைக் கேட்கும். கை லேசாக நடுங்கும், எரிச்சல் வரும், யாராவது பேசினால் கடித்துவிடலாம் போலிருக்கும். அந்த நிமிஷத்தில் ஒரு கேரட் குச்சியைக் கடித்துச் சமாளியுங்கள் என்று எழுதுகிறவர்கள் அந்த நிமிஷத்தை வாழ்ந்து பார்த்ததில்லை. கீழே விழுந்தவளைப் பார்த்து ஏன் விழுந்தாய் என்று கேட்கிற மாதிரி அது. வழுக்கின இடம் நாலு மணி நேரம் முன்னால் இருக்கிறது.

என்னிடம் வந்த ஒரு பெண், பள்ளி ஆசிரியை, ஒரு வாரத்துக்கு மணியோடு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தார். ஒரு நாள் இப்படி: 7.10 ஜாம் தடவிய இரண்டு துண்டு ரொட்டி, சர்க்கரை போட்ட காபி. 9.40 பசி, தண்ணீர் குடித்தேன். 12.50 நேரமில்லை, பாதிச் சாப்பாடு. 4.30 கை நடுக்கம், மேசை இழுப்பறையில் இருந்த மிட்டாய், எண்ணவில்லை. 'எண்ணவில்லை' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். மிட்டாயைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. காலைச் சாப்பாட்டை மட்டும் மாற்றினோம்: இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கெட்டித் தயிர், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ரொட்டி ஒரு துண்டு, ஜாம் கிடையாது. மதியச் சாப்பாட்டை எத்தனை வேலை இருந்தாலும் முழுதாகச் சாப்பிடுவது. மிட்டாய்க்குத் தடை இல்லை, ஆசை வந்தால் சாப்பிடலாம், எழுதினால் போதும். இரண்டாவது வார நோட்டில் 4.30க்கு எதிரே மூன்று நாள் வெற்றிடம். "எழுத மறந்துட்டேன் போல" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல, தோணவே இல்ல" என்றார்.

எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக நடக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் காலையில் 20 முதல் 30 கிராம் புரதம் சாப்பிட்டுப் பார்க்காமல் "எனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று யாரும் தன்னைத் திட்டிக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம் புரதம் இருக்கும், ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் 14, 15 கிராம். முட்டை சாப்பிடாதவர்கள் தயிர், பயறு, பருப்பு, டோஃபு, கொட்டைகள் என்று இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் அந்த அளவை எட்ட முடியும். ஒல்லியான பிசிஓஎஸ் பெண்களை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது: ஒரு நாளைக்கு ஒரே அளவு கலோரிதான், ஒரு பிரிவு காலையில் பெரிய சாப்பாடு, இன்னொரு பிரிவு இரவில் பெரிய சாப்பாடு. மூன்று மாதத்தில் காலைப் பிரிவுக்கு இன்சுலினும் டெஸ்டோஸ்டிரோனும் நன்றாகவே இறங்கின, இரவுப் பிரிவுக்கு இறங்கவில்லை. சிறிய ஆய்வுதான், வேதவாக்கு இல்லை, ஆனால் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. அதனால்தான் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கும் விரத முறைகளை, சாயங்காலம் கட்டுமீறிச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்வதே இல்லை. நேரக் கட்டுப்பாடு பிடித்திருந்தால் இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடியுங்கள், காலையில் கை வைக்காதீர்கள்.

மாவுச்சத்தை எதிரியாக்க வேண்டியதில்லை. கீட்டோ, பால் இல்லா உணவு, குளூட்டன் இல்லா உணவு என்று உங்களுக்கு ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். பிசிஓஎஸ்ஸுக்கு இந்த உணவு முறைதான் மற்றதைவிட மேல் என்று எதற்கும் ஆதாரம் இல்லை, அந்த 2023 வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறது. எந்த முறையை ஒரு வருடம் கழித்தும் நீங்கள் முகம் சுளிக்காமல் சாப்பிடுவீர்களோ அதுதான் உங்களுக்கு நல்ல முறை. நான் சொல்லும் ஒரே தந்திரம் வரிசை: காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிடுங்கள், சோறோ ரொட்டியோ கடைசியில் வரட்டும். அதே தட்டு, அதே அளவு, வரிசை மட்டும் மாறினால்கூடச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது.

குடிப்பதில் மட்டும் நான் கொஞ்சம் கறார். 330 மில்லி குளிர்பானம் ஒரு டப்பாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட ஒன்பது டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் சேர்த்த சர்க்கரையை நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது, ஒரு டப்பாவிலேயே அது தாண்டிவிடுகிறது. பழச்சாறும் இதற்குச் சளைத்ததில்லை. பழமாகக் கடித்துச் சாப்பிடுங்கள், அதற்குத் தடையே இல்லை. காபியில் போடும் சர்க்கரையை வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்குக்கு அது தெரியவே தெரியாது.

இனிப்பு சாப்பிட வேண்டும் என்று நிஜமாகவே ஆசையாக இருந்தால், சாப்பிடுங்கள். முழுச் சாப்பாடு முடிந்த கையோடு, ஒரு தட்டில் வைத்து, உட்கார்ந்து. வெறும் வயிற்றில் நாலரை மணிக்கு விழும் சாக்லேட்டும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் அதே சாக்லேட்டும் உடம்புக்கு ஒன்றல்ல. சாயங்காலத்துக்கு ஒரு சிற்றுண்டியை முன்கூட்டியே, ஆசை எட்டிப்பார்ப்பதற்கு அரை மணி முன்னால், சாப்பிட்டுவிடுவதும் உதவும்: கொட்டை, தயிர், வேகவைத்த பயறு, ஏதோ ஒன்று. பசி வந்தபின் யோசிக்கலாம் என்று விட்டால் யோசிப்பது நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

ஒரு விஷயம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும், கட்டுமீறி உண்ணும் கோளாறும் மற்றவர்களைவிட அதிகமாகவே காணப்படுகின்றன. வாரத்துக்கு ஒரு முறையாவது, நிறுத்த முடியாமல், வயிறு வலிக்கும் வரை, ஒளிந்து சாப்பிட்டுவிட்டு வெட்கத்தில் புழுங்குவது மாதக்கணக்கில் நடந்தால் அது காலை முட்டையால் தீரும் பிரச்சினை இல்லை. மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போக வேண்டும், அந்த நிலையில் உணவுக் கட்டுப்பாடு எதையும் தொடங்கவே கூடாது, எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போல ஆகிவிடும். உங்களுடையது ஒருமுறை நடந்தது மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இல்லையென்றால் உங்களுக்கு நீங்களே உண்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

அடுத்து தசை. இதைத்தான் பெண்கள் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். தசை வேலை செய்யும்போது இன்சுலின் தட்டாமலேயே தானாகக் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். செவிட்டுக் காதைச் சுற்றிப் போக உடம்பே வைத்திருக்கும் பின்வாசல் அது. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பதற்கு இவ்வளவு பலன் இருப்பதும் இதனால்தான். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு லேசாக வாங்கும் வேகத்தில் ஏதாவது செய்யுங்கள், எடையையும் குறைக்க வேண்டுமானால் 250 நிமிஷம். கூடவே வாரத்துக்கு இரண்டு நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல், எடை தூக்கும் பயிற்சி. எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவேனா, ஏற்கெனவே டெஸ்டோஸ்டிரோன் அதிகமாச்சே என்று என்னைக் கேட்காத ஆளில்லை. ஆக மாட்டீர்கள். தசை கூடினால் சர்க்கரைக்கு இடம் கூடும், இன்சுலின் இறங்கும், அதன் பின்னால் டெஸ்டோஸ்டிரோனும் இறங்க வழி உண்டு. முதல் மாதம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டில் இரண்டைத் தூக்குவது என்று தொடங்கினாலே போதும்.

தூக்கத்தைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். 2004இல் வந்த ஓர் ஆய்வில் இளைஞர்களை இரண்டே இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியது, அவர்களுக்கு ஆசை வந்தது பெரும்பாலும் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மேல். ஆய்வில் இருந்தது ஆண்கள்தான் (எப்போதும் போல), ஆனால் இரண்டு ராத்திரி தூங்காத எந்தப் பெண்ணும் இதை ஆய்வு இல்லாமலே சொல்வாள். நீங்கள் ராத்திரி ஒன்றரை வரை கைபேசி பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரையை விடுவதற்கு முன், தூங்கப்போகும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். குறட்டை விடுகிறீர்கள், எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் தூக்கம் தள்ளுகிறது என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு இருக்கலாம், பிசிஓஎஸ்ஸில் அது சாதாரணமாகப் பார்க்கக்கூடியது. டாக்டரிடம் சொல்லுங்கள்.

எடைக்கு வருகிறேன். 78 கிலோவிலிருந்து 55க்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த 55 எங்கிருந்து வந்தது? கல்லூரி நாள் எடை என்று நினைக்கிறேன், எல்லாருக்கும் அப்படி ஒரு எண் உண்டு. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது, முட்டை வெளியேறத் தொடங்குகிறது. உங்கள் கணக்கில் 5 சதவீதம் என்பது நாலு கிலோ. நாலே நாலு. அதை ஆறு மாதத்தில் குறைத்தால் போதும். தராசில் முள் நகராத மாதங்களிலும் இடுப்புச் சுற்றளவு குறையலாம், வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றி இருக்கும் கொழுப்புதான் இன்சுலினோடு சண்டை போடுவது, அது குறைவதைத் தராசைவிட இஞ்ச் டேப் நன்றாகக் காட்டும். தராசில் வாரம் ஒருமுறைக்கு மேல் ஏறாதீர்கள். அதைவிட முக்கியமாக, மாதவிலக்குத் தேதிகளைக் குறித்துவையுங்கள். 75 நாள் இடைவெளி 50 ஆகி, 50 என்பது 38 ஆனால், எடை அரைக் கிலோகூடக் குறையாவிட்டாலும் உள்ளே ஏதோ சரியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எடை குறைந்த பிறகுதான் மருத்துவம் என்று எந்த விதியும் இல்லை, "குறைச்சுட்டு வாங்க" என்று வெறுங்கையோடு அனுப்பியதில் எனக்கு உடன்பாடும் இல்லை. முதல் காரணம், கருப்பையின் உள்சவ்வு. மாதவிலக்கு வராமல் அது தடித்துக்கொண்டே போவது நல்லதில்லை, வருடக்கணக்கில் அப்படி விட்டால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் புரோஜெஸ்டிரான் வகை மாத்திரை கொடுத்து வரவைப்பதைப் பற்றியோ, தொடர்ந்து ஹார்மோன் மாத்திரை எடுப்பதைப் பற்றியோ பேசியே ஆக வேண்டும். குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரை மாதவிலக்கையும் முகமுடியையும் சேர்த்தே கவனிக்கும். நான் சொன்ன அந்தக் கட்டிவைக்கும் புரதத்தை அது கூட்டுகிறது. "அது நோயைக் குணப்படுத்தாது, மூடிமறைக்கும்" என்பார்கள். குணப்படுத்தாது என்பது சரிதான், ஆனால் கருப்பையைக் காப்பது மூடிமறைப்பது ஆகாது. ஒற்றைத் தலைவலி, ரத்தக்கட்டு, ரத்தக்கொதிப்பு, புகைப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், எல்லாருக்கும் அந்த மாத்திரை ஆகாது.

மெட்ஃபார்மின் இன்சுலின் எதிர்ப்பை நேராகப் பிடிக்கும் மருந்து. வயிற்றைப் புரட்டும், அதனால் 500 மில்லிகிராமில் சாப்பாட்டோடு தொடங்கி ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெதுவாக ஏற்றுவார்கள், மெதுவாகக் கரையும் வகை இன்னும் சுகம். நீண்ட நாள் எடுப்பவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்க்க வேண்டும். எடை ஓரளவுதான் குறையும், அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். செமக்ளூடைட், லிராக்ளூடைட் ஊசிகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள், பசியையும் அந்த 'உணவு உணவு' என்று தலைக்குள் ஓடும் சத்தத்தையும் நன்றாக அடக்குகின்றன, நிறுத்தினால் எடை திரும்பவும் ஏறுவது வழக்கம், கர்ப்பத்தில் கூடாது என்பதால் கூடவே கருத்தடையும் வேண்டும். அந்த வரியோடு இன்னொன்று: மாதவிலக்கு வருவதில்லை, அதனால் கர்ப்பம் ஆகாது என்று இருந்துவிடாதீர்கள். எடை கொஞ்சம் குறைந்து முட்டை வெளியேறத் தொடங்கும்போது அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. பின்னாளில் குழந்தை வேண்டும்போது முட்டையை வெளியேற்ற லெட்ரசோல் என்ற மாத்திரைதான் இன்று முதல் தேர்வு, பிசிஓஎஸ் என்றால் குழந்தையே இல்லை என்று பயமுறுத்துகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

இனாசிட்டால் என்ற சத்துப் பொடி பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெரிய கெடுதல் இல்லை, பலனுக்கு ஆதாரம் சுமார்தான். கையில் தாராளமாகப் பணம் இருந்தால் வாங்குங்கள், மெட்ஃபார்மினுக்கு மாற்றாக நினைக்காதீர்கள். 'ஹார்மோன் சமநிலை' என்று போட்ட மற்ற டப்பாக்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாதவிலக்குத் தேதிக் குறிப்போடு போங்கள். தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறதா என்று கேளுங்கள். சர்க்கரைக்கு வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் போதாது, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனைதான் பிசிஓஎஸ்ஸில் நம்பகமானது. இரண்டாம் மணி அளவு 140க்குக் கீழே இருக்க வேண்டும், 140 முதல் 199 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசல், 200 எட்டினால் அது நோயே. சரியாக இருந்தாலும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்று இன்சுலின் அளவு பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அந்த எண்ணை வைத்துச் சிகிச்சையில் பெரிதாக எதுவும் மாறாது. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஆண் ஹார்மோன் பரிசோதனை செய்தால் தப்பான எண் வரும், இதைச் சொல்லாமல் ரத்தம் கொடுத்துவிட்டு "எல்லாம் நார்மல்" என்று திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் காலைச் சாப்பாடும் தூங்கும் நேரமும் மட்டும். மூன்றாம் வாரம் சாப்பாட்டுக்குப் பின் நடை. எடை தூக்குவது இரண்டாம் மாதம் வரட்டும். சர்க்கரையை விடுவது என்ற திட்டமே பட்டியலில் வேண்டாம், மற்றது நடந்தால் பாதி அதுவாகவே உதிர்ந்துவிடும்.

கழுத்துக் கறுப்புக்கு க்ரீம் கேட்டீர்களே. அது அழுக்கும் இல்லை, வெயிலும் இல்லை. மிதமிஞ்சிய இன்சுலின் தோல் செல்களைத் தூண்டி வேகமாக வளரவைப்பதால் அந்த இடம் தடித்துக் கறுத்து, தொட்டால் வெல்வெட் துணி போல இருக்கும், அக்குளிலும் பார்த்தீர்கள் என்றால் இருக்கும். நார் போட்டுத் தேய்த்தால் இன்னும்தான் தடிக்கும். இன்றைக்கே நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துவையுங்கள், ஆறு மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உள்ளே இன்சுலின் இறங்கியிருந்தால் வெளியே அது வெளுத்திருக்கும். அதுவரை க்ரீம் வாங்கும் காசுக்கு முட்டை வாங்குங்கள்.